சூடு ஆறாத போர்வை

சரக்கைப் பற்றி நான் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். லா ரோஷெல் துறைமுகக் கடைவீதியில் பிறந்தவன்; தாய்ப்பாலோடு பேரத்தையும் சேர்த்துக் குடித்தவன். ஆனால் விற்கிற பொருளைப் பற்றித்தான் பொய் சொல்வேன். இது விற்பனைக்கு இல்லை. 1761 ஜனவரி 14, பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் இடையில் என் கண்ணெதிரே நடந்தது. நம்புங்கள், நம்பாமல் போங்கள். ஒரு சொல்லைக்கூட நான் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

கனடாவின் ஹூரோன் ஏரிக் கரையில் மூன்று மரவீடு, ஒரு சரக்குக் கிட்டங்கி, சுற்றிலும் கூர்மரவேலி. அதைத்தான் கோட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கொடிக்கம்பத்தில் எங்கள் பிரெஞ்சு ராஜாவின் வெள்ளைக் கொடி இன்னும் பறந்தது. ராஜ்யம்தான் இல்லை. நான்கு மாதம் முன்பே எங்கள் தலைமை நகரம் மொன்ரியால் இங்கிலீஷ்காரனிடம் விழுந்துவிட்டது. ஏரி உருகியதும் அவனுடைய சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் வந்து கொடியை இறக்குவார்கள். நூற்றைம்பது வருஷமாக நதி நதியாகப் பிடித்து நடத்திய கடை. கதவைச் சாத்துகிற வேலை எங்கள் தலையில் விழுந்தது.

அங்கே மிஞ்சியது மூன்று பேர். நான். என் கூட்டாளி ஒனெஸிம் அண்ணன், ஐம்பது வயது, கல்லில் நார் உரிப்பவர். அவர் மனைவி நோதின், அந்த ஏரிக்கரையின் ஒடாவா குலத்துப் பெண்.

எங்கள் வியாபாரம் பீவர் என்கிற நீர்ப்பிராணியின் தோல். பாரிஸ் சீமான்களின் தொப்பிக்குப் போவது. அதில் ஒரு விசித்திரம் உண்டு. புதுத் தோலைவிட உடுத்திய தோலுக்கே விலை அதிகம். ஏரிக்கரைச் சனங்கள் மயிர்ப்பக்கம் உடம்போடு ஒட்டும்படி இரண்டு குளிர்காலம் போர்த்தினால், முரட்டு மயிரெல்லாம் உதிர்ந்துவிடும். வியர்வையும் எண்ணெயும் ஏறிப் பட்டாகிவிடும். உலகத்திலேயே பழந்துணிக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

மணி 3.10. அண்ணன் கிட்டங்கியிலிருந்து ஒரு போர்வையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். இரண்டு நாள் முன்பு ஏரிக் குடாவின் அக்கரைக் கிராமத்தில் எடுத்ததாகச் சொன்னார். அம்மை வந்து கிராமமே காலி, ஒரு பிணத்தின் மேல் கிடந்தது என்றார். எங்கள் மூன்று பேருக்கும் சின்ன வயதிலேயே அம்மை போட்டிருந்ததால் அந்தப் பயம் இல்லை.

தரம் பார்ப்பது என் வேலை. வலக்கையின் இரண்டு விரலை மயிருக்குள் விட்டு எண்ணெய் பார்க்க வேண்டும். விட்டேன்.

சூடாக இருந்தது.

கிட்டங்கியில் வாளித் தண்ணீர் பாறையாக உறைந்து கிடந்த நாள் அது. இரண்டு நாள் அங்கே கிடந்த தோல், இப்போதுதான் ஒருவர் தோளிலிருந்து இறக்கியதுபோல் சுட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதால் அப்படித் தோன்றுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நோதின் வந்து கழுத்து ஓரத்தைப் பார்த்தாள். சாயமேற்றிய முள்ளம்பன்றி முள்ளை வைத்துத் தைத்த சிவப்புப் பூ. அதை அவளே தைத்திருக்கிறாள்.

"இது எங்க அக்காவோடது" என்றாள். அழவில்லை. "அவளோடதை அவகிட்டயே குடுத்துடு. இருட்டுறதுக்குள்ள."

அண்ணன் சிரித்தார். "செத்தவளுக்குக் குளிருமாடி?"

"குளிருதுன்னுதான் கேக்குறா."

"யாரு கேக்குறா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு தம்பி."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குடா கெட்டியாக உறைந்திருந்தது. சறுக்குவண்டியில் ஒரு மணி நேரம். ஆனால் எங்களிடம் மிஞ்சியது பன்னிரண்டு போர்வை. அவற்றை வைத்துத்தான் இங்கிலீஷ்காரனிடம் பேரம் பேசிக் கப்பலேறி ஊர் திரும்ப வேண்டும். அந்தப் பன்னிரண்டில் இதுதான் ராணி.

"முதல் தரம் அண்ணே" என்றேன்.

நோதின் தலையை ஆட்டிக்கொண்டாள். ஏதோ கணக்கு சரியாகிவிட்டதுபோல.

மணி 4.25. இருட்டிவிட்டது. சோளக்கூழும் மீனும் பரிமாறினாள். நான்கு கிண்ணம் வைத்தாள். நாங்கள் மூன்று பேர்தான்.

அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆறிப்போச்சே" என்றார். நான் என் கிண்ணத்தில் வாய் வைத்தேன். நாக்கு வெந்துவிட்டது.

4.50. அண்ணனுக்குப் பல் கிட்டத் தொடங்கியது. நான் விறகை அள்ளிப் போட்டேன். அடுப்பின் இரும்பு சிவந்தது. மாடத்தில் இருந்த மெழுகுவர்த்தி சூட்டில் வளைந்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் நடுங்கினார்.

அப்போதுதான் அவர் அதைச் செய்தார். எங்கள் தொழில்காரனைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத காரியம். போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நான் போட்டா என்ன தம்பி... இன்னும் விலைதானே ஏறும்" என்று கண்ணடித்தார்.

நோதின் கிழிந்த பனிச்செருப்புக்கு வார் பின்னிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

5.30. அண்ணன் வாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. வெட்டவெளிக் குளிரில் மூச்சு விட்டால் வருமே, அது. என் வாயிலிருந்து வரவில்லை. நோதின் வாயிலிருந்தும் இல்லை.

5.45. அவர் தாடியில் பனித்துகள் கட்டியது. போர்வையிலிருந்து ஆவி எழுந்தது.

6.05. வெளியே சத்தம்.

கரக்... கரக்...

ஏரிப்பக்கம். இறுகிய பனிமேல் யாரோ நடக்கிறார்கள். நிதானமாக. அவசரமே இல்லை.

கரக்...

அண்ணன் உட்கார்ந்திருந்த சுவருக்குப் பின்னால் வந்து நின்றது.

"கழட்டு..." என்றார். உதடு நீலமாகிவிட்டது. "கழட்டுடா..."

ஓடிப்போய்ப் போர்வையைப் பிடித்தேன். காய்ச்சல்காரன் உடம்புபோல் கொதித்தது. இழுத்தேன். உள்ளிருந்து ஒரு பிடி... இறுக்கமாக... விடவில்லை.

அது அண்ணன் கையில்லை. அவர் கை இரண்டும் மேஜைமேல் இருந்தன.

நான் விட்டுவிட்டேன்.

6.31.

மூச்சுப்புகை நின்றது.

சுவருக்குப் பின்னால் கரக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஏரியை நோக்கி... தூரமாக...

நான்காவது கிண்ணம் காலியாக இருந்தது.

நோதின் எழுந்து அதைக் கழுவி வைத்தாள். போர்வையைத் தொட்டாள். சுலபமாகக் கழன்று வந்தது. அண்ணன் விறகுக்கட்டைபோல் விறைத்திருந்தார். தட்டினால் மரச்சத்தம் கேட்டது. அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு அடி தூரம்தான்.

மூன்றாம் நாள், நானும் நோதினும் போர்வையோடு குடாவைக் கடந்தோம். நான் பேரம் பேசவில்லை.

கிராமத்தில் ஒரு கிழவர் மட்டும் உயிரோடு இருந்தார். அவர் சொன்னதை நோதின் எனக்குச் சொன்னாள்.

அக்காவுக்கு அம்மை இறங்கிவிட்டதாம். கூழ்கூடக் குடிக்கத் தொடங்கிவிட்டாளாம். அண்ணன் வந்து போர்வையை உருவியபோது அவள் கண் திறந்திருந்தது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் விரல் விரலாகப் பிரித்துவிட்டு எடுத்துப் போனார். அன்று இரவே குளிரில் விறைத்து இறந்தாள். பூமி உறைந்திருந்ததால் தோண்ட முடியவில்லை. கிழவர் அவளைப் பனிக்குள் புதைத்து வைத்தார்.

புதன்கிழமை இருட்டியதும் அந்தப் பனிமேட்டிலிருந்து ஆவி எழுந்ததைக் கிழவர் பார்த்திருக்கிறார்.

போய்ப் பார்த்தோம். சுற்றிலும் இடுப்பளவு பனி. அவள் கிடந்த இடத்தில் மட்டும், ஓர் ஆள் நீளத்துக்கு, கறுப்பு மண் தெரியும்வரை உருகியிருந்தது. அவள் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

நோதின் போர்த்திவிட்டாள். பிறகு கிழவர் என் வலக்கையைக் காட்டி ஏதோ கேட்டார். நோதின் என் விரல்களைப் பார்த்தாள்.

"குளிரப்போறது ரெண்டு பேருன்னு சொல்லிட்டுத்தான் செத்தாளாம்" என்றாள். "எடுத்தவன் ஒருத்தன். தரம் சொல்லப்போறவன் ஒருத்தன்."

பின்னால் எங்கள் ராஜா கனடாவையே ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுத்தார். என் அப்பாவின் கடையில் ஒரு பையன் அப்படிப் பேரம் பேசியிருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். நானும் ஊர் திரும்பிவிட்டேன்.

இதை லா ரோஷெலில், ஆகஸ்ட் மாதத்து நண்பகல் வெயிலில் உட்கார்ந்து இடது கையால் எழுதுகிறேன். மயிருக்குள் விட்ட அந்த இரண்டு விரலும் அன்று குளிர்ந்தவை, சூடேறவே இல்லை. முதல் வருஷம் அந்தக் குளிர் மணிக்கட்டுவரை வந்தது. போன வருஷம் முழங்கை.

இன்று காலை சட்டை போடும்போது பார்த்தேன். தோளில் வெள்ளையாகப் பனித்துகள்.