பங்களாக் கேக்கும் பதுளைப் பூசையும்

எங்கள் தோட்டத்துத் துரை நல்லவர், கிறிஸ்மஸ் வந்தால் வேதக்காரர்களைக் கூப்பிட்டுக் கேக் கொடுப்பார் என்று பெருமையாகப் பேசுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். நானும் அந்தக் கேக்கைத் தின்றவள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைக்குப் பக்கத்தில், நமுனுகுல மலைச்சரிவில் இருந்தது. ஐம்பதுகளின் தொடக்கம். தோட்டத் தமிழர்களுக்கு ஓட்டு இல்லை, நாடு இல்லை என்று சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். கொழுந்து பறிக்க மட்டும் நாங்கள் வேண்டும். எனக்குப் பதினாறு வயது. அப்பா இறந்துவிட்டார். அம்மாவும் நானும் ஒரே மலையில் பறித்தோம். லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வேதக்காரர்கள் என்று கத்தோலிக்கர்கள் எட்டுக் குடும்பம் இருந்தோம். மற்றவர்கள் எல்லோரும் மாரியம்மன் கோயில்காரர்கள்.

எங்கள் வேதத்துச் சாமியார் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு வந்து பூசை வைப்பார். அந்த வருடம் ஈஸ்டருக்கு முன்னால் அவர் வந்தது ஒரு வேலை நாள். அம்மா கங்காணியிடம் போய் ஒரு மணி நேரம் விடுங்கள் என்று கெஞ்சினாள்.

"சாமியாரு அடுத்த தடவையும் வருவாரு. முத்திப்போன கொழுந்து திரும்ப வருமா? போ, போ, நெரையில நில்லு" என்று விரட்டிவிட்டான்.

அடுத்த தடவை மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. சாமியார் வரவில்லை. அதற்கடுத்த முறை அம்மா காய்ச்சலில் கிடந்தாள். இப்படியே டிசம்பர் வந்துவிட்டது. வருடத்தில் ஒரு தடவையாவது நன்மை வாங்க வேண்டும் என்பது திருச்சபையின் கட்டளை. நன்மை என்று நாங்கள் சொல்வது பூசையில் கொடுக்கும் நற்கருணையை. ஒரு வருடம் வாங்காமல் விட்டவள் செத்தால் கோயில் மணி அடிக்கமாட்டார்கள் என்று அம்மா நம்பினாள். அது சரியோ தப்போ, அவளுக்கு அந்தப் பயம் தூக்கத்தைக் கெடுத்தது. கிறிஸ்மஸ் அன்று லீவு. பதுளைப் பெரிய கோயிலுக்குப் போய் வருடம் முடிவதற்குள் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். இன்று அதைப் பேராலயம் என்கிறார்கள். அன்று எங்களுக்கு அது பெரிய கோயில்தான்.

முதல் நாள் சாயங்காலம் கங்காணி லயத்துக்கு வந்தான்.

"நாளைக்கு ஏழு மணிக்கு வேதக்காரங்க அம்புட்டுப் பேரும் பங்களா வாசல்ல நிக்கணும். தொரை கேக் குடுக்கிறாரு. புதுசா வந்திருக்கிற தொரசாணி எல்லாத்தையும் பாக்கணுமாம்."

"நாங்க பதுளைக்குப் பூசைக்குப் போறமுங்க" என்றாள் அம்மா.

"போங்க, யாரு வேணாங்கிறா? தொரை மூஞ்சியப் பாத்துட்டுப் போங்க."

அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது. தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக்கூடாது. நாங்கள் இருவரும் வெறும் வயிற்றோடு, வெள்ளைச் சேலை கட்டி, பனியில் நடுங்கிக்கொண்டு பங்களா வாசலில் நின்றோம். ஏழு மணிக்கு வரச் சொன்ன துரை எட்டு மணிக்கு எழுந்து வந்தார். மாலை போட்டோம். தட்டு வந்தது. கறுப்புக் கேக். சாராய வாசம் அடித்தது.

அம்மா தன் துண்டை வாங்கி முந்தானையில் முடிந்தாள். கங்காணி பார்த்துவிட்டான்.

"ஏ புள்ள, முடிஞ்சு வைக்கவா குடுத்தாங்க? தின்னு."

"நன்மை வாங்கப் போறங்க. பூசை முடிஞ்சு தின்னுக்கிறேன்."

"ஒங்க சாமி பொறந்த நாளு, நீ பட்டினி கெடக்கிறியா? நல்ல வேதமடி இது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இதைச் சொன்னவன் யார்? கதிர்காமத்துக்குப் போகும்போது மாதக்கணக்கில் விரதம் இருக்கிறவன். அவன் விரதத்தில் இருக்கும்போது பக்கத்தில் ஒருத்தர் கருவாடு சுட்டால்கூட அடிக்கப் போவான். விரதம் என்றால் என்னவென்று அவனுக்கா தெரியாது? தெரியும். துரை கொடுத்ததை ஒருத்தி வேண்டாம் என்று சொல்வதாகத் துரை நினைத்துவிடுவாரோ என்ற பயம் அவனுக்கு. அவ்வளவுதான்.

துரைசாணி என்னவென்று கேட்டாள். கணக்கப்பிள்ளை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என்ன சொன்னாரோ, அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். துரை கேமராவை எடுத்தார். அவள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, குழந்தைக்கு நீட்டுவதுபோல அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினாள். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"குடுத்து வச்சவ! தொரசாணி கையால ஊட்டி விடுறாங்க பாரு" என்றான் கங்காணி.

அம்மாவே தின்ற பிறகு எனக்கென்ன என்று நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ரோட்டுக்கு இறங்கிப் பசறை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தோம்.

"யாருக்கும்மா தெரியப் போகுது? பேசாமப் போய் வாங்கிக்க" என்றேன்.

"வாயில அந்த ருசி இன்னும் இருக்குடி" என்றாள்.

பெரிய கோயிலில் நிற்க இடமில்லை. எங்கள் தோட்டத்தில் தகரக் கொட்டகையில் பூசை கண்ட எனக்கு அந்தக் கூரையின் உயரமே பயமாக இருந்தது. பீடம் முழுக்க மெழுகுவர்த்தி. ஒரு பக்கம் பாசி விரித்துக் குடில் கட்டிப் பாலனைப் படுக்க வைத்திருந்தார்கள். சப்பாத்துப் போட்ட பறங்கிப் பிள்ளைகள், பட்டுச் சேலைக்காரர்கள், சிங்களக் குடும்பங்கள், எங்களைப்போலத் தோட்டத்து ஆட்கள், எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். அம்மா எதையும் பார்க்கவில்லை. நேரே பாவசங்கீர்த்தனம் கேட்கும் இடத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். திரும்பி வந்து, நான் நெருக்கி இடம் பிடித்திருந்த மர வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டேன். பாவம் இல்லையாம். ஆனா இன்னைக்கு நன்மை இல்லையாம். நாளைக்குக் காலைப் பூசைக்கு வாங்கன்னாரு."

நாளைக்கு! அந்தச் சாமியார் அன்பாகத்தான் சொல்லியிருப்பார். நாளைக்கு ஆறு மணிக்கு எங்களுக்குப் பெரட்டு, ஆளெண்ணி வேலைக்கு அனுப்பும் நேரம், என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பெரட்டில் நிற்காதவளுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. மறுநாள் திட்டும் கிடைக்கும்.

நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்து போனார்கள். எங்கள் வாங்கில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். வாங்கித் திரும்பி வந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, யாரோ கிளார்க்கரின் மனைவி, குனிந்து கேட்டாள்.

"ஏன், நத்தார் நாளிலையும் நன்மை எடுக்கேல்லையே?"

"கேக் தின்னுட்டோமுங்க" என்றேன்.

"பூசைக்கு முதலே கேக்கோ! அந்தளவு பசியோ?" என்றவள், பக்கத்திலிருந்த மகளிடம், "தோட்டத்து ஆக்கள். உதெல்லாம் ஆர் சொல்லிக் குடுக்கிறது, பாவங்கள்" என்றாள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளலின் எரிச்சல் சீக்கிரம் போய்விட்டது. அந்தப் 'பாவங்கள்' இன்னும் போகவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து குளிர்ந்த தண்ணீரில் குளித்து, தாகத்தை அடக்கிக்கொண்டு நின்ற என் அம்மாவுக்கு அவள் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. நான் பஸ் நிற்கும் பக்கம் நடந்தேன். அம்மா வரவில்லை. கோயில் படியிலேயே நின்றாள்.

"வாம்மா, பஸ்ஸு போயிரும்."

"போகட்டும். சித்தி வீட்டுல இருந்துட்டு நாளைக்குக் காலையில நன்மை வாங்கிட்டுத்தான் வருவேன்."

"நாளைக்குப் பெரட்டு இருக்கும்மா."

"இருக்கட்டுமேடி. வருசா வருசம் இருக்கத்தானே போகுது."

காய்ச்சலில் கிடந்த நாட்களைத் தவிர ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்திராதவள் அவள். சித்தியின் புருஷன் பதுளை ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர். அவர்கள் அறையில் தங்கினோம்.

மறுநாள் காலை பெரிய கோயிலில் இருபது பேர்கூட இல்லை. ஒருவர் முந்தின நாள் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தார். பாட்டு இல்லை. பாதி மெழுகுவர்த்திகள் அணைந்திருந்தன. அம்மா தனியாகப் போய் முழங்காலில் நின்று நன்மை வாங்கினாள். திரும்பி வரும்போது அழுதாள் என்று எழுத ஆசைதான். அழவில்லை. தூக்கிவந்த கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தவளைப்போலப் பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான்.

அதற்கடுத்த நாள் பெரட்டில் கங்காணி எங்களை ஒதுக்கி நிறுத்தினான்.

"நேத்து மகாராணி எங்க போயிருந்தீக?"

"கோயிலுக்குங்க."

"கிறிஸ்மசு முந்தாநாளே முடிஞ்சு போச்சே?"

"முந்தாநாளு நீங்க சொன்னீங்கன்னு தொரைக்காகத் தின்னேன். நேத்து எனக்காகக் கோயிலுக்குப் போனேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் அவன் தண்டனை கொடுத்தான். ஒரு நாள் போகாததற்கு மூன்று நாள் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினான். துரையிடம் போய்ச் சொல்லலாமே என்று சிலர் சொன்னார்கள். என்ன சொல்வது? உங்கள் மனைவி கேக் ஊட்டியதால் நாங்கள் வேலைக்கு வர முடியவில்லை என்றா?

அம்மா அந்த மூன்று நாளும் விறகு பொறுக்கினாள், லயத்துக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி கொத்தினாள், யாரையும் ஏசவில்லை. அடுத்த தடவை சாமியார் தோட்டத்துக்கு வந்தபோது, கங்காணியையும் துரைசாணியையும் மன்னித்துவிட்டதாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாளாம். நீயும் சொல்லிவிடு என்று என்னையும் அனுப்பினாள். நான் போய் மற்றப் பாவங்களை எல்லாம் சொன்னேன். அதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.