கேபிளுக்கு முந்திய கல்

எங்கள் கார் சிதம்பரத்தில் தானாக ஓடிய செய்தி உறவினரிடையே பல வடிவங்களில் வழங்குகிறது. ஒன்றில் அது தேரடி வரை போகிறது. இன்னொன்றில் என் மைத்துனர் அதை ஒற்றைக் கையால் நிறுத்துகிறார். ஆகவே நான் கண்ணால் கண்டதையும், என் மனைவி மறுக்காததையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். இரண்டாவது அளவுகோல் கடுமையானது. அதில் தப்பிப் பிழைத்தவை சிலவே.

காரின் ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்திருந்தது. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீடும் சிதம்பரத்தில் மகள் வீடும் மழைவெள்ளத்துக்கு அஞ்சி உயர்த்திக் கட்டப்பட்டவை. இரண்டு வாசலிலும் கார் ஏறச் சரிவு உண்டு. கியரில் போட்டு நிறுத்தினாலும் எங்கள் பழைய வண்டி மெல்ல நழுவும். அதனால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கருங்கல்லை வைத்துக்கொண்டோம். அதன் பொறுப்பாளர் என் மைத்துனர். மனைவியின் தம்பி, பணி ஓய்வு பெற்று அடுத்த தெருவில் தனியே வசிப்பவர். மகள் வீட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் கல்லைக் காலடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்ந்துவிடுவார். கல் வந்த பிறகு அந்த இருக்கை என் மனைவிக்குக் கிடைத்ததில்லை.

வழக்கமாக வண்டியைப் பின்னோக்கித்தான் சரிவில் ஏற்றுவேன். அன்று மகள் வீட்டில் முன்னோக்கி ஏற்றினேன். இறங்கியதும் மகள் வடை கொடுத்தாள். மைத்துனர் அதை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையால் கல்லை வழக்கம்போல் முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். வண்டி முன்னால் போகாதபடி பலத்த காவல். அது பின்னால் இறங்கி, அவசரமின்றித் தெருவைக் கடந்தது.

“ஏய், நில்லு! நில்லுன்றேன்ல!” என்று அதட்டியபடி அவர் அதைத் தொடர்ந்தார். எதிர்வீட்டு மணற்குவியலில் முட்டி அது நின்றது. தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டே நின்றது என்பது அவர் கட்சி. வடை அப்போதும் கையில் இருந்தது. இதை நால்வரும் ஒப்புக்கொள்கிறோம்.

“மொதல்ல கேபிள மாத்துங்கப்பா. மாமாவுக்கு வடை குடுக்கவே பயமா இருக்கு,” என்றாள் மகள்.

திரும்பும் வழியில் புவனகிரியில் ஒரு பட்டறையில் நிறுத்தினோம். மெக்கானிக் பின்சக்கரங்களைக் கழற்றி, துருவேறி உறைக்குள் ஒட்டிக்கொண்டிருந்த பழைய கேபிளை இழுத்துப் போராடிக்கொண்டிருந்தார். மைத்துனர் என் பக்கம் திரும்பினார்.

“கேபிளு கம்பிதானே மாமா. அறுந்து போவும். கல்லு அறுவுமா?”

“அப்ப கல்லையே உள்ள மாட்டிடட்டுமா சார்?” என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. மனைவி சிரித்தாள். மைத்துனர் சிரிக்கவில்லை.

புதுக் கேபிளை மாட்டி முறுக்கியபின் மெக்கானிக் சொன்னார்: “இங்க தரை சமம். வீட்டு மேட்டுல நிறுத்திப் பாத்துக்குங்க.”

புறப்படும்போது மைத்துனர் பின்கதவைத் திறந்தார். “அக்கா முன்னாடி உக்காரட்டும். இனிமே நான் எதுக்கு மாமா உங்கக்கூட? சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு.” கடலூர் வரை கல் அவர் மடியில் இருந்தது.

வீட்டுச் சரிவில் வண்டியைப் பின்னோக்கி ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துப் பார்க்க வேண்டியதுதான் மிச்சம். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. காலை எடுக்கவில்லை.

“மச்சான், புது கேபிளு. கொஞ்ச நாளு நம்பக் கூடாதுன்னாரு. கல்ல வச்சிடேன்.”

மெக்கானிக் அப்படி எதுவும் சொல்லவில்லை.

“நான் அப்பவே சொல்லல?” என்று அவர் துள்ளி இறங்கினார்.

“ஆமா, எனக்குதான் அவரு சொன்னது காதுல வுழல,” என்றாள் மனைவி. முன்னிருக்கை புவனகிரியிலிருந்து கடலூர் வரைதான் அவளுடையதாக இருந்தது.

அன்றுமுதல் எந்தச் சரிவிலும் அந்தக் கல் இல்லாமல் வண்டியை நிறுத்தியதில்லை. ஆகவே, புதுக் கேபிள் தனியாக வண்டியைத் தாங்குமா என்பது எனக்குத் தெரியாது.