வலைக்காரரின் வல்லூறு

என் வீட்டுக்காரர் அடுக்குமாடி வீடுகளின் பால்கனிகளுக்குப் புறா வலை கட்டுகிறவர். வலை நைந்து போனாலும் அவர் போட்ட முடிச்சு அவிழாது. கடைசிச் சுற்றில் நுனியைத் திருப்பி, சின்னக் கொக்கி போல விட்டிருப்பார். அந்த முடிச்சை ஒருவனுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். என் தம்பிக்கு. வெட்டியாகத் திரிந்தவனை அவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான்.

ஒரு குடியிருப்பின் பின்புற மரத்தில் வல்லூறு ஜோடி கூடு கட்டியிருந்தது. புறாவைத் தூக்குகிற அளவுக்கு அதற்கு உடம்பு கிடையாது. ஓணான், அணில் குஞ்சு, சிட்டு, அவ்வளவுதான். ஆனாலும் அந்த முறைப்பைப் பார்த்த புறாக்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. இவர் சும்மா இருந்தாரா? வலை கட்டக் கூப்பிட்ட வீட்டம்மாவிடம், "உங்களுக்கு வலையே வேணாம்மா, வல்லூறு பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் அந்த வரிசையில் ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற மனிதரை எவ்வளவுதான் திட்டுவது? நான் திட்டினேன்.

தம்பி திட்டவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மதியம் சாப்பிட வரும்போதெல்லாம், "அப்புறம் என்ன பண்ணுது மாமா?" என்று கேட்பான். இவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். அந்தப் பறவைப் பேச்சை நான்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"ஆண் இரையோட நேரா கூட்டுக்கு வராது மாப்ள. பக்கத்துல காஞ்ச கிளையில உக்காந்து கூப்பிடும். பொட்டை எழுந்து போய் வாங்கிட்டு வந்து, கிழிச்சுக் குஞ்சுக்கு ஊட்டும். காலைல அதே நேரம், அதே கிளை."

"மாத்தவே மாத்தாதா?"

"மாத்தாது."

என் தம்பிக்கு இருக்கிற பொறுமை எனக்கு இல்லையே என்று வெட்கப்பட்டேன்.

நேற்று இவர் பாதி வேலையிலேயே திரும்பிவிட்டார். துண்டுக்குள் பெட்டை வல்லூறு, விறைத்துக் கிடந்தது. காய்ந்த கிளையைச் சுற்றி யாரோ வலை கட்டியிருக்கிறார்கள்.

"குஞ்சு ரெண்டும் வாயைப் பொளந்துட்டு கெடக்கு. ஆணுக்கு ஊட்டத் தெரியாது. ஓணானை வெச்சுக்கிட்டு இன்னும் கூப்பிட்டுட்டே இருக்கு."

"எந்தப் பாவி கட்டினது?"

அறுத்து வந்த வலையை என் மடியில் போட்டார். முடிச்சு நுனியில் சின்னக் கொக்கி.

ஒரு மணிக்குத் தம்பி வந்தான். "பசிக்குதுக்கா."

"போடு, சாப்பிடட்டும்" என்றார் இவர். பிறகு அவனைப் பார்த்து, "முடிச்சு சுத்தமா விழுந்திருக்கு மாப்ள. நான் போட்டாக்கூட இப்படி வராது."

"நம்ம பொழப்புக்குத்தானே மாமா..." என்றான்.

உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்தவனை வெளியே போடா என்று சொல்ல வாய் வரை வந்தது. கரண்டியோடு நின்றேன். வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கமான இடத்தில்தான் அவனும் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அங்கே யாரும் வலை கட்டி வைத்திருக்கவில்லை.