பிள்ளையார் படம் போட்ட பழைய காகிதம்

பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து, சிமென்ட் கலந்து கல் வார்த்துச் சுவர் கட்டலாம் என்று ஓசூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் படித்தேன். காகிதம் ஓசியிலேயே கிடைக்குமாம். எழுதியவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது. குளியலறை கட்ட எங்கள் கம்பெனியில் காகிதம் கேட்டால், அட்டைப்பெட்டி எல்லாம் கழிவு எடுக்கும் காண்ட்ராக்ட்காரருக்கு என்றார்கள். தெருவில் கேட்டால், பேப்பரை எடைக்குப் போடுவோம் என்றார்கள்.

கம்பெனி பஸ்ஸில் புலம்பினேன். அடுத்த வாரமே வீடு தேடி வந்தன கல்யாணப் பத்திரிகைகளும் பழைய காலண்டர்களும். தமிழ், தெலுங்கு, கன்னடம், எதைப் புரட்டினாலும் பிள்ளையார். குப்பையில் போட மனம் வராமல் பரணில் வைத்திருந்ததை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கொத்தனார் தொடவே மாட்டேன் என்றார்.

"சாமி படத்த அரைச்சு பாத்ரூம் செவுத்துல வெக்கறதா? ஆவாதுங்க சார்."

நான் பத்திரிகைக் குவியலைக் காட்டினேன். "அப்ப இத என்னங்க பண்றது?"

"சாமி ரூம் கட்டிக்கலாங்க."

நான் எப்போது சரி என்றேன் என்று இன்றுவரை புரியவில்லை. வீட்டில் அருமையான பூஜை அறை இருக்கிறது. குளிப்பது மட்டும் இன்னும் தகரத் தடுப்புக்குள்தான்.