தேடலில் பாடு எப்போது வரும்

ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில் அந்த மீனவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் புருவம்கூடச் செம்பட்டையாகியிருந்தது. இறால் குறைந்ததால் பயணிகளைப் படகில் அழைத்துப் போக நினைத்து, ஏரிப் பறவைகளைப் பற்றி ஒரு வலைப்பூ எழுதிவந்தார். இணையத் தேடலில் அது மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. படகுக்கு ஆளும் வரவில்லை. தினமும் கரையேறியதும் லுங்கியில் கையைத் துடைத்துவிட்டுப் போனில் தேடிப் பார்ப்பார்.

நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் கேட்டார்: "நம்ம பாடு எப்ப சார் வரும்?"

ஏரியில் நல்ல இடங்களில் வலை போட ஆளுக்கொரு நாள் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தேடலிலும் அப்படித்தான் என்று நம்பிக் காத்திருந்திருக்கிறார்.

"அங்க முறையெல்லாம் இல்லண்ணே. நிறையப் பேர் படிச்சாதான் மேல வரும்."

"கீய கெடக்கறத எவன் சார் வந்து படிப்பான்?"

"கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணுது" என்றேன்.

"இன்னா சார் இது, நேத்தும் அவனே மொதல்ல, இன்னிக்கும் அவனே. கூட்டம் எங்க கூடுதுனு சொல்லு, நாலு பேரோட போய்க் கேட்டுக்கறேன்."

எதை யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் என் தொழில். இதற்கு மட்டும் ஓர் இடமும் தோன்றவில்லை. குறிப்பேட்டைத் திறந்தேன். நான் முகவரி எழுதப்போகிறேன் என்று நினைத்து அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.