ஒண்ணுமில்லத்தா

சபிஹாவின் கையில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்காமல் விடமாட்டாள். கல்யாணச் சீராக வந்த மிக்சியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்தவள் அவள். கேள்வி கேட்டே ஆளைத் தின்றுவிடும் இந்தப் பெண் என்று பாபநாசம் கடைத்தெருவில் அவளுக்கு நல்ல பெயர். அப்படிப்பட்டவளுக்கு அல்லாஹ் யூனுஸைக் கொடுத்தான். யூனுஸ் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத பிள்ளை.

ஏழு வயது யூனுஸுக்கு மணிக்கட்டு, முழங்கால், விலா என்று அங்கங்கே எலும்பு கரும்புக் கணு மாதிரி முண்டியிருக்கும். அது அவன் தகப்பன் அப்துல் வஹாப் கொடுத்த சொத்து. வஹாபின் தாயாருக்கும் இருந்தது. அந்த வீட்டில் யாரும் அதை நோயென்றே நினைத்ததில்லை. யூனுஸுக்கு அதோடு ஆட்டிசமும் சேர்ந்துகொண்டது. யார் முகத்தையும் பார்க்கமாட்டான்; நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்வான். எலும்பு இப்படி இருப்பதால்தான் பேச்சு வரவில்லை என்று சொந்தக்காரர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அப்படியென்றால் அவன் தகப்பனாருக்கு மட்டும் வாய் ஓயவில்லையே, அது எப்படி என்று சபிஹா கேட்டாள்.

தஞ்சாவூர் எலும்பு டாக்டரிடமும் அதையே கேட்டாள். எலும்பை இப்படி முண்டச் செய்யும் ஜீனுக்கு மூளையிலும் வேலை இருக்கிறது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறார்கள், எனக்கு உறுதியாகத் தெரியாது என்றார் அவர். தெரியாது என்று சொல்லும் டாக்டரை அவள் அன்றுதான் பார்த்தாள். அவரை அவளுக்குப் பிடித்துப்போனது. முண்டு இருந்தால் பயமில்லை, ஆனால் வலித்தால் தாமதிக்கக்கூடாது, நரம்பை அழுத்தினால் பாதம் தொங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

வலித்தால் இவன் எப்படிச் சொல்வான்? சம்பா நடவு நேரத்தில் யூனுஸ் படியேற மறுத்தான். தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். இந்தப் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்றார்கள் பள்ளிக்கூடத்தில். சபிஹா குனிந்து, வலிக்கிறதா என்று கேட்பாள்.

"ஒண்ணுமில்லத்தா" என்பான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்கு நிம்மதியாக இருக்கும். துபாயில் இருந்த வஹாபுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தகப்பன் அத்தா. கொஞ்சும்போது பிள்ளையும் அத்தாதான். வஹாப் அதையெல்லாம் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை போனில் மகன் தன்னை அத்தா என்று கூப்பிட்டுவிட்டான் என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒருநாள் கெண்டை மீன் அரியும்போது அரிவாள்மணை சபிஹாவின் விரலைப் பதம் பார்த்தது. ரத்தத்தைக் கண்ட யூனுஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் கையைத் தடவினான்.

"ஒண்ணுமில்லத்தா... ஒண்ணுமில்லத்தா."

குரல் அவனுடையது, இழுவை அவளுடையது. நான் எப்போது இவனுக்கு அத்தா ஆனேன் என்று யோசித்தாள். அப்புறம்தான் பிடிபட்டது. அவன் நடைபழகி விழுந்தபோதும், ஊசி போட்டபோதும், முண்டு இடித்துக்கொண்டபோதும் அவள் தடவிக்கொண்டே சொன்ன சொல் அது. வலிக்கு அவன் வைத்திருந்த பெயர் அதுதான்.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அவன் உடம்பில் இருந்த முண்டுகளை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்தினாள். மணிக்கட்டில் பேசாமல் இருந்தான். விலாவிலும் அப்படியே. இடது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் விரல் பட்டதுமே காலை இழுத்துக்கொண்டான். "ஒண்ணுமில்லத்தா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இத்தனை கேள்வி கேட்டவளுக்குப் பதிலைக் கேட்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

முண்டு நரம்பை அழுத்த ஆரம்பித்திருந்தது. நல்ல வேளை வந்தீர்கள், காலைக் காப்பாற்றிவிடலாம், இந்த வாரமே வெட்டியெடுத்துவிடுவோம் என்றார் டாக்டர்.

வஹாபிடம் ஆபரேஷனை மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தாள். பாலைவனத்தில் கிடக்கும் மனுஷருக்கு இருப்பது அந்த ஒரு சொல். அதையும் எப்படிப் பிடுங்குவது? ஆனால் நாளைக்கு இன்னொரு முண்டு வலிக்கும், அவன் போனில் சொல்வான், இவர் சிரிப்பார். போன் போட்டாள்.

போன வாரம்கூட வலிக்குதா என்று கேட்டேனே, ஒண்ணுமில்லத்தா என்றானே என்று வஹாப் பதறினார்.

"மச்சான், அவன் உங்களக் கூப்பிடலங்க. வலிக்குதுன்னுதான் சொல்லியிருக்கான்."

அந்தப் பக்கம் அவர் அறையைவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சபி... இன்னொரு தடவ சொல்லுடா, இன்னொரு தடவ சொல்லுடான்னு கேட்டேனே."