சகாயராஜ் அளந்த காற்று

2005 ஏப்ரலில் ஓர் ஆராய்ச்சிக் குழு கடலோர ஊர்களில் காற்றுமானிகளை நட்டது. மரக்காணத்துக் கருவி உப்பள மேஸ்திரி அரசப்பனிடம் வந்தது. இரண்டாள் உயரக் கம்பம். உச்சியில் சுழலும் கிண்ணங்கள். ரோட்டோரத்தில் நடச்சொல்லி அவரே இடம் காட்டினார். பாண்டிச்சேரி பஸ்ஸில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில் அவருக்கு ஒரு கிறக்கம். காலையும் மாலையும் அளவைப் போனில் சொல்லிவிடுவார். ஒருநாளும் தவறியதில்லை.

ஜூனில் கருவியைப் பார்க்க வந்தாள் குழுவைச் சேர்ந்த சத்யப்ரியா. அவள் பொம்மையார்பாளையத்தில் அளவெடுக்கும் சகாயராஜைப் புகழ்ந்தாள்.

"அப்ப என்னுது?" என்றார் அரசப்பன்.

"கம்ப்யூட்டர் முதல்ல இந்நேரத்துக்கு இவ்வளவு காத்துன்னு ஒரு கணிப்பு போடும். நீங்க அளந்தது வேற இருக்கும். ரெண்டையும் கலந்துதான் அடுத்த கணிப்பைத் தொடங்குவோம். கணிப்பை விட்டு அடிக்கடி விலகிப்போற அளவைக் கம்மியா சேர்ப்போம். உங்களுதைக் கால் பங்குதான் நம்பறோம். அவருதை முக்கால்."

அன்று அரசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி செல்லம்மாள் சிரித்தாள். "அவரு காத்துல மீன் வாசனை வருதோ என்னமோ. நம்முளுது வெறும் உப்பு."

"சும்மா இரு. அவன் குத்துமதிப்பா சொல்றவன். கையும் களவுமா புடிக்கறேன் பாரு."

ஞாயிறு மத்தியானம் பொம்மையார்பாளையத்துக்குப் பஸ் ஏறிப் போனார். சகாயராஜ் கொடுத்த டீயைத் தொடாமல் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெட்டவெளி மணல், மறைக்க ஒரு சுவர்கூட இல்லை. கிண்ணங்கள் பறந்தன. தோளில் துண்டு நிற்கவில்லை. குறையே அகப்படவில்லை.

"என்னண்ணே தேடறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. ஆணி கீணி துருப்புடிச்சிருக்குதான்னு பார்த்தேன்."

திரும்பி வந்து தன் கம்பத்தடியில் நின்றார். துண்டு அசையாமல் தொங்கியது. சற்றுத் தள்ளி வரப்புக்குப் போனதும் படபடத்தது. லாரியில் ஏற்ற வசதியாக ரோட்டோரம் குவித்த உப்பு, சீசன் ஏற ஏறக் கம்பத்தின் உயரத்துக்கு வளர்ந்து கடற்காற்றை மறித்து நின்றது. ஆள் வைத்துக் குவித்தவரே அவர்தான்.

கம்பத்தைப் பிடுங்கி நடுவரப்பில் நடவேண்டும். அங்கே பஸ்ஸில் போகிற எவன் கண்ணுக்கும் படாது. சில நாள் மனசு வரவில்லை. ஆனால் அந்த முக்கால் பங்கு அவரைத் தூங்கவிடவில்லை. சத்யப்ரியாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவள் சம்மதித்ததும் மாற்றி நட்டார்.

ஆகஸ்டில் அவள் போன் செய்தாள். "உங்க அளவும் முக்காலுக்கு வந்திருச்சுங்க."

"சகாயராஜுக்கு?"

"அவருக்கும் அதேதாங்க."

அரசப்பன் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "அவன் கம்பத்துப் பக்கத்துல யாராச்சும் வீடு கட்டறாங்களான்னு ஒருதரம் விசாரிங்கம்மா" என்றார்.